நாற்று அல்ல, பயிர்: ஒரு சீன மரபுத்தொடரின் பொருளும் பிறப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வந்த பிறமொழிப் பழமொழிகள் பக்கத்தில், 'நாற்றைப் பிடுங்கி வளரச் செய்தல்' என்ற சீன மரபுத்தொடருக்கு ஐந்தாறு வரிகளில் விளக்கம் தரப்பட்டிருந்தது. அது கன்பூசியஸ் சொன்னது என்றும், 'பதறாத காரியம் சிதறாது' என்னும் நம் பழமொழியே அதன் பொருள் என்றும், ஆகவே பிள்ளைகளை அவர்கள் போக்கிலேயே விட்டுவிட வேண்டும் என்பதே அது தரும் பாடம் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. சொன்னவர் யார் என்பதிலும், மொழிபெயர்ப்பிலும், எடுத்துக்கொண்ட பொருளிலும் பிழை இருப்பதால் இந்தக் கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள வேண்டுகிறேன். கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு பயிரிடும் குடும்பத்தில் பிறந்து, இங்கேயே பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு அகராதியின் துணையோடு சீன எழுத்துகளைச் சிறிது சிறிதாகப் படித்துவருகிறேன். இந்தத் தொடரின் மீது எனக்குத் தனிப் பற்று உண்டு. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பிழை என் கண்ணில் பட்டதற்கு முன்பே, எங்கள் ஊரில் ஒரு பெண்மணியின் கண்ணில் பட்டது என்பதை முதலில் பதிவு செய்ய விரும்புகிறேன். அவர் பெரியகுளம் பக்கத்து நெல்வயல் ஊரிலிருந்து மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். தேநீர்க் கடைத் திண்ணையில் நான் அந்தப் பகுதியை உரக்கப் படித்தபோது, களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு, "நாத்தப் புடுங்காம எப்படி வாத்தியாரய்யா நடுறது? அந்தாளு என்ன தப்புப் பண்ணிட்டான்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் முழு நியாயம் இருக்கிறது. நாற்றங்காலில் விதைத்து, நாற்றைப் பிடுங்கி, முடிகட்டிச் சுமந்து, சேற்று வயலில் நடுவது தமிழ் உழவரின் அன்றாட வேலை. நம் மொழியில் 'நாற்றுப் பிடுங்குதல்' என்பது குற்றமே அன்று. பருவம் தவறாமல் செய்ய வேண்டிய கடமை. அப்படியிருக்க, நாற்றைப் பிடுங்கிய ஒருவனை மூடன் என்று சொன்னால், நெல் விளைவித்த எவருக்கும் கதை விளங்காமல் போவது இயல்புதான்.

மூலத்தில் உள்ள சொல் நாற்றங்கால் நாற்றைக் குறிப்பதன்று. சீனத்தில் இந்தத் தொடர் நான்கு எழுத்துகளால் ஆனது. தமிழ் ஒலியில் ஏறத்தாழ 'யா மியாவ் ஜு ஜாங்' என்று எழுதலாம். யா என்பது மேல்நோக்கி இழுத்தல். மியாவ் என்பது விளைநிலத்தில் வளர்ந்து நிற்கும் இளம்பயிர். ஜு என்பது உதவுதல். ஜாங் என்பது வளர்தல். மியாவ் என்ற எழுத்தைப் பார்த்தாலே பொருள் தெரிந்துவிடும்: நான்கு கட்டங்களாகப் பிரித்த வயலின் மேல் புல் முளைத்து நிற்பது போல் அது எழுதப்படுகிறது. முதல் எழுத்தான யா இன்றைய சீனப் பேச்சில் அருகிவிட்டபடியால், அதே பொருள்தரும் எளிய சொல்லை வைத்து 'பா மியாவ் ஜு ஜாங்' என்றும் பலர் சொல்கிறார்கள். இவ்வாறு பழங்கதையையோ பழநூல் வரியையோ பெரும்பாலும் நான்கு எழுத்துகளுக்குள் அடக்கி வைத்திருக்கும் தொடர்களைச் சீனர்கள் 'செங்யூ' என்கிறார்கள். கதை தெரியாதவருக்குத் தொடர் முழுமையாகப் புரியாது என்பதால், கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

பழஞ்சீனத்தின் சிறு அரசுகளில் ஒன்றான சொங் நாட்டில் ஒருவன், தன் பயிர் உயரமாக வளரவில்லையே என்று கவலைப்பட்டு, நிலத்துக்குப் போய் ஒவ்வொரு பயிராகச் சிறிது மேலே இழுத்துவிட்டான். மாலையில் தள்ளாடிக்கொண்டு வீட்டுக்கு வந்து, "இன்று களைத்துப் போனேன், பயிர் வளர உதவிவிட்டு வருகிறேன்" என்று வீட்டாரிடம் சொன்னான். மகன் ஓடிப்போய்ப் பார்த்தபோது பயிர்கள் காய்ந்து கிடந்தன. கதை இவ்வளவுதான். அவன் பயிரைப் பிடுங்கி எறியவில்லை, வேறிடத்தில் நடவுமில்லை. நின்ற இடத்திலேயே உயர்த்திவிட்டான். ஆகவே 'பயிரை இழுத்து வளர்த்தல்' என்று மொழிபெயர்த்திருந்தால் அந்தப் பெண்மணிக்கு ஐயம் எழுந்திருக்காது. நான் அப்படிச் சொல்லிக் காட்டியதும், "அட, வேரு அத்துப் போயிருக்குமே" என்று அவரே கதையை முடித்துவிட்டார்.

அவர் சொன்னதுதான் காரணம். பயிர் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுவது பெரும்பாலும் மிக நுண்ணிய வேர்த்தூவிகளால். தண்டை அரை விரல் அளவு உயர்த்தினாலும் அவை அறுந்துபோகும். இலைகளோ வெயிலில் நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். வரவு நின்று செலவு தொடர்வதால் பயிர் துவள்கிறது. நடவு செய்த நெல்லும் சில நாள் வாடித்தான் நிற்கிறது. ஆனால் அதன் வேர் சேற்றுக்குள் மீண்டும் புதைக்கப்பட்டு, நீரும் சூழ நிற்பதால், பச்சை பிடித்துக்கொள்கிறது. சொங் நாட்டுக்காரனின் பயிருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அது எந்தப் பயிர் என்று மூலம் கூறவில்லை. சொங் நாடு இன்றைய ஹெனான் மாகாணத்துச் சாங்ச்யூ நகரைத் தலைநகராகக் கொண்டிருந்தது. அந்த வட சீனச் சமவெளியின் முதன்மைத் தானியம் அக்காலத்தில் தினையும் அதைப் போன்ற சிறுதானியங்களுமே. நெல் தெற்கே யாங்சி ஆற்றுப் பகுதியின் பயிர். தினைப்புனத்தைக் குறிஞ்சி நிலத்தின் அடையாளமாகப் பாடிய மொழிக்காரர்களாகிய நாம், இந்தக் கதையை நெல்வயலில் வைத்துப் பார்ப்பதைவிடத் தினைக்கொல்லையில் வைத்துப் பார்ப்பதே பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கதையைச் சொன்னவர் கன்பூசியஸ் அல்லர், அவர் வழிவந்த மெங்சு என்ற அறிஞர். சீனத்துக்குச் சென்ற சேசு சபைத் துறவிகள் அவர் பெயரை இலத்தீன் வடிவில் மென்சியஸ் என்று எழுதியதால், நம் பாடநூல்களிலும் அந்தப் பெயரே வழங்குகிறது. (எங்கள் செண்பகனூரில் அருங்காட்சியகம் அமைத்தவர்களும் அதே சபையினர்தான்.) கன்பூசியஸ் மறைந்தது கி.மு. 479இல், மென்சியஸ் கி.மு. 372 முதல் 289 வரை வாழ்ந்தவர் என்பது மரபு வழிக் கணக்கு. ஆக இருவருக்கும் இடையே ஒரு நூற்றாண்டு இருக்கிறது. மென்சியஸின் பெயராலேயே வழங்கும் நூலில், கொங்சுன் சௌ என்ற மாணவரோடு அவர் நடத்தும் உரையாடலில் இந்தக் கதை வருகிறது.

தங்கள் இணைப்பில் குழப்பம் எப்படி நேர்ந்திருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. அவசரத்தைப் பற்றிக் கன்பூசியஸ் சொன்ன வேறொரு வாசகம் இருக்கிறது; அதுவும் சீனத்தில் மரபுத்தொடராகவே வழங்குகிறது. அவருடைய மாணவர் சுஸியா, ஜூஃபு என்ற ஊரின் நிருவாகியாக அமர்த்தப்பட்டபோது, ஆட்சி செய்வது எப்படி என்று ஆசிரியரிடம் கேட்டார். விரைவை விரும்பாதே, சிறு ஆதாயத்தைப் பார்க்காதே, விரைவை விரும்பினால் போய்ச் சேரமாட்டாய், சிறு ஆதாயத்தைப் பார்த்தால் பெரிய காரியம் நிறைவேறாது என்பது அவர் தந்த விடை. 'பதறாத காரியம் சிதறாது' என்ற நம் பழமொழிக்கு நேரானது இந்த வாசகமே. இங்கே பேசப்படுவது வழிப்போக்கனின் அவசரம்: ஓடினால் இடறி விழுவான், ஆனால் எழுந்து மறுபடி நடக்கலாம். மென்சியஸின் கதையில் பேசப்படுவது இன்னொருவரின் வளர்ச்சியைத் தன் கையால் செய்துகொடுக்க முயலும் உதவி. அங்கே இடறுபவன் ஒருவன், காய்ந்துபோவது வேறொன்று. மறுபடி எழுந்து நடப்பதற்கு அந்தப் பயிர் இருக்காது. இவ்விரண்டையும் ஒன்றாக்கினால் கதையின் முள் முறிந்துவிடுகிறது.

இதே இடத்தில் நம் மூதுரையையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. "உருவத்தால் நீண்ட உயர்மரங்கள் எல்லாம் பருவத்தால் அன்றிப் பழா" என்று ஔவையார் பாடியதை இந்தச் சீனக் கதைக்கு இணையாகச் சொல்வாரை நான் கண்டிருக்கிறேன். இணைதான், ஆனால் பாதி வழிவரைதான். பருவம் வருமுன் செய்யும் முயற்சி பலிக்காது என்பது ஔவையின் வாக்கு. மரத்துக்கு அதனால் கேடு என்று அவர் சொல்லவில்லை. மென்சியஸோ அதைத் தாண்டிப் போகிறார்: "அது பயனற்றது மட்டுமன்று, கேடும் செய்கிறது" என்பது கதையின் முடிவில் அவர் வைக்கும் வரி. ஆயினும் ஔவையின் பாட்டில் உள்ள 'நீண்ட' என்ற சொல் சீனத் தொடரின் நான்காம் எழுத்தை எனக்கு விளக்கிக் காட்டியது. அந்த எழுத்தை ஜாங் என்று ஒலித்தால் வளர்தல் என்றும், சாங் என்று ஒலித்தால் நீளம் என்றும் பொருள். எழுத்து ஒன்று, பொருள் இரண்டு. சொங் நாட்டுக்காரன் பயிருக்குத் தந்தது நீளத்தை. வளர்த்துவிட்டதாக அவன் எண்ணிக்கொண்டான். மென்சியஸ் இந்தச் சிலேடையை நினைத்துத்தான் சொன்னார் என்று நான் சாதிக்கவில்லை. படிக்கிற எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்திருக்கிறது.

எங்கள் பூண்டுக்காட்டில் இந்த வேற்றுமை கண்ணெதிரே நிற்கும். முற்றும் நேரத்தில் யூரியாவை அள்ளிப் போட்டால் தழை மதமதவென்று எழும்பி, பார்ப்பவர் எல்லாம் மெச்சும்படி நிற்கும். வெட்டி எடுத்தால் அடியில் பூண்டு திரண்டிருக்காது. வடுகபட்டிச் சந்தையில் தழையை எடைபோட்டு யாரும் வாங்குவதில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்ததில் எங்களுக்கெல்லாம் பெருமைதான். அந்தப் பூண்டின் காரமும் மணமும் மண்ணுக்கு அடியில், குளிரில், மெதுவாகச் சேர்ந்தவை. எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, பல் பிரிந்துவிட்டதா என்று பார்க்கும் ஆவலில் ஒரு பாத்தியில் வரிசையாகச் செடிகளை இழுத்துப் பார்த்து, மறுபடி மண்ணில் செருகி வைத்தேன். மூன்றாம் நாள் அந்தப் பாத்தி மட்டும் பழுத்து நின்றது. என் ஆத்தா என்னை அடிக்கவில்லை. "நீ பாக்கலேன்னா அது வளராதாய்யா?" என்று மட்டும் கேட்டார். பல ஆண்டுகள் கழித்து மென்சியஸின் கதையைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கேள்விதான். இந்தத் தொடரின் மீது எனக்குள்ள பற்றுக்கு இது ஒரு காரணம்.

தங்கள் இணைப்பு செய்த பிழைகளில் என்னை மிகவும் வருத்தியது அது தந்த பாடம். பிள்ளைகளை அவர்கள் போக்கிலேயே விட்டுவிட வேண்டும் என்று மென்சியஸ் சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமன்று, அப்படிப் பொருள்கொள்வார்கள் என்று முன்னதாகவே அறிந்தவர் போல அந்த வழியையும் அடைத்து வைத்திருக்கிறார். கதையைச் சொல்லி முடித்தவுடன், உலகில் பயிரை இழுத்து வளர்க்காதவர்கள் சிலரே என்று சொல்லிவிட்டு, அவர் இரண்டு வகையினரைக் காட்டுகிறார். பயனில்லை என்று கைவிட்டவன் பயிருக்குக் களை எடுக்காதவன். வளர உதவுகிறேன் என்று புகுந்தவன் பயிரை இழுத்தவன். இருவரும் தவறியவர்களே. முதலாமவன் மரபுத்தொடருக்குள் இடம்பெறாமல் போனதால், நான்கு எழுத்துகளை மட்டும் அறிந்தவர்களுக்கு அவன் தெரியாமலே போய்விட்டான். கதைக்கு முன்னால் வரும் அறிவுரையும் இதையே சொல்கிறது: செய்ய வேண்டியதை விடாமல் செய், விளைவைக் குறிவைத்து நிற்காதே, மனத்திலிருந்து மறந்துவிடாதே, வளர உதவவும் செய்யாதே. மறவாமையும் தலையிடாமையும் அங்கே ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன.

களை எடுத்தல் என்று அவர் சொன்னதன் அருமையை உழவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உழுவது, எருவிடுவது, களை எடுப்பது, நீர் பாய்ச்சுவது, காவல் காப்பது என்று ஐந்தையும் வள்ளுவர் 1038ஆம் குறளில் அடுக்குகிறார். இந்த ஐந்தில் ஒன்றேனும் பயிரைப் பிடித்து உயர்த்துவது அன்று. எல்லாமே பயிரைச் சுற்றி நடப்பவை, மண்ணிலும் நீரிலும் வரப்பிலும் செய்பவை. ஐந்தும் முதுகு ஒடிக்கும் வேலைகள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே மென்சியஸின் கதை உழைப்புக்கு எதிரானது அன்று. சொங் நாட்டுக்காரனும் நாளெல்லாம் உழைத்துக் களைத்துத்தான் வீடு திரும்பினான்; அவன் பயிரை நேசித்தவன். அந்த நேசத்தை ஐயப்படாமல், அது சென்ற இடத்தை மட்டும் குறை சொல்வதே இந்தக் கதையின் நுட்பம்.

அவனைச் சொங் நாட்டவன் என்று சொன்னதற்கும் ஒரு வரலாறு உண்டு. சௌ அரசர்கள் தாங்கள் வென்ற ஷாங் அரச மரபின் வழியினருக்கு வாழ்விடமாகக் கொடுத்த நாடு சொங். தோற்ற குலத்தின் நாடு என்பதாலோ, பழைய வழக்கங்களை அவர்கள் விடாமல் பற்றியிருந்ததாலோ, அக்கால நூல்களில் மூடன் வேண்டும் என்றால் சொங் நாட்டவன் வந்து நிற்கிறான். முயல் ஒன்று அடிமரத்தில் மோதிச் செத்ததைப் பார்த்து, கலப்பையைப் போட்டுவிட்டு அடுத்த முயலுக்காக அந்த மரத்தடியிலேயே காத்திருந்தவன் ஹான் ஃபெய் என்ற அறிஞர் சொல்லும் சொங் நாட்டு உழவன். தலைமயிரை வெட்டிக்கொண்டு உடம்பில் பச்சை குத்திக்கொள்ளும் யுவே மக்களிடம் சடங்குத் தொப்பி விற்கப் போனவன் சுவாங்சு என்ற அறிஞர் சொல்லும் சொங் நாட்டு வணிகன். மலைக்காரன் என்றாலே வெகுளி என்று வைத்துப் பேசும் வழக்கத்தை இளமையில் சமவெளிக்குப் படிக்கப் போனபோது நிறையக் கேட்டவன் என்பதால், இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் சொங் நாட்டு மக்கள் பக்கமே சாய்கிறது. மென்சியஸே 'உலகில் இப்படிச் செய்யாதவர் சிலரே' என்று சொல்லி, குற்றத்தை ஒரு நாட்டோடு நிறுத்தாமல் எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்தது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

மூலத்தில் இந்தக் கதை பிள்ளை வளர்ப்பைப் பற்றியதும் அன்று. தங்களுடைய திறமை எது என்று கொங்சுன் சௌ கேட்க, எனக்குள் இருக்கும் பெருவெள்ளம் போன்ற உள்ளுரத்தை நன்கு பேணி வளர்க்கிறேன் என்று மென்சியஸ் விடை சொல்கிறார். சீனத்தில் 'ச்சீ' எனப்படும் அந்த உரம் அறச்செயல்கள் நாள்தோறும் சேர்ந்து சேர்ந்து உண்டாவது. திடீரென்று ஓர் அறச்செயலைச் செய்து அதைக் கைப்பற்றிவிட முடியாது என்று விளக்கிய பிறகே பயிர்க்கதை வருகிறது. ஆக, முதலில் அந்தப் பயிர் அவரவர் நெஞ்சில் வளரும் பயிர். பிற்காலத்தில் கல்வியைப் பற்றிப் பேசும்போது சீனர்கள் இத்தொடரை மிகுதியாகப் பயன்படுத்தத் தொடங்கியதால், இன்று அந்தப் பொருளே முன்னிற்கிறது. அதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். என் வாழ்விலும் அது அப்படித்தான் பொருந்தியது.

நான் ஆசிரியராக இருந்தபோது, ஐந்தாம் வகுப்பில் படித்த ஒரு சிறுமியை உதவித்தொகைத் தேர்வுக்கு அனுப்ப விரும்பினேன். கூர்மையான பிள்ளை, ஆனால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். படிக்கக் கற்றுக்கொடுக்க நாள் போதாது என்று நானே முடிவுசெய்து, முந்தைய ஆண்டுகளின் கேள்விகளுக்கு விடைகளை மாலை மாலையாக மனப்பாடம் செய்வித்தேன். எனக்கும் அவளுக்கும் அது கடும் உழைப்பு. அவள் தேர்ச்சி பெற்றாள். ஊரே என்னைப் பாராட்டியது. மறு ஆண்டு வேறு பள்ளியில், முன்பின் பார்த்திராத ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னபோது அவளால் முடியவில்லை. விடை தெரிந்த கேள்விகள் வராத வகுப்பில் அவள் வாய் திறக்கவே அஞ்சினாள். ஆண்டு முடிவதற்குள் படிப்பை நிறுத்திவிட்டாள். எங்கள் ஊர்களில் படிப்பு நின்றுபோவதற்குக் காரணங்கள் பல இருக்கும். இவளுக்கு நேர்ந்ததில் என் கையும் இருந்தது என்பதை நான் அறிவேன். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குத் துணையாக உட்கார்ந்து நாளுக்கு ஒரு பக்கம் படிக்க வைத்திருந்தால், அது களை எடுப்பதாக இருந்திருக்கும். நான் பயிரை இழுத்துவிட்டு, களைத்துப்போய், பெருமையோடு வீட்டுக்குப் போனவன்.

அதனால்தான், 'விட்டுவிடுங்கள், தானே வளரும்' என்ற பொருளில் இந்தத் தொடர் அச்சேறியதைப் பார்த்து என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மழைநாளில் பேருந்து வராத ஊர்களில், வீட்டில் படித்தவர் எவரும் இல்லாத பிள்ளைகளுக்கு, தானே வளரும் என்று சொல்லிக் கைகட்டி நிற்பது மென்சியஸ் கண்டித்த முதல் வகைத் தவறு. என் தவறு இரண்டாம் வகை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை நியாயப்படுத்த அவர் இடம் வைக்கவில்லை.

தங்கள் இணைப்பில் வரும் பழமொழிகளை ஆசிரியர்கள் வெட்டி வகுப்பறைச் சுவரில் ஒட்டிவைப்பதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பள்ளியிலும் நாங்கள் அப்படிச் செய்ததுண்டு. ஆகவே அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு சிறு திருத்தமேனும் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சொன்னவர் மென்சியஸ் என்றும், 'நாற்று' என்பதற்குப் பதிலாகப் 'பயிர்' என்றும், கதைக்குப் பின்னால் களை எடுக்காதவனைப் பற்றிய வரியும் உண்டு என்றும் மூன்றே வாக்கியங்களில் அச்சிட்டாலும் போதும். இடம் குறைவாக இருந்தால் முதல் இரண்டை விட்டுவிட்டுக் களையைப் பற்றிய அந்த ஒரு வரியை மட்டுமாவது சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
மேல்மலை, கொடைக்கானல் வட்டம்,
திண்டுக்கல் மாவட்டம்.